பூங்காவுக்கு ஓர் அறை, பத்திரிகைக்கு ஓர் அறை

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் கென்யா குடியிருந்தது. "கென்யாவுக்கு ரெண்டு தோசை போதும்", "கென்யா இன்னைக்குப் பாத்திரம் கழுவாது, நாளைக்குக் கழுவும்" என்று மகள் வீடு முழுக்கப் பேசிக்கொண்டு திரிந்தாள். அவள் அம்மா ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கழுவலைன்னா கென்யாவுக்கு வைஃபை கிடையாது" என்றதும் பாத்திரம் கழுவப்பட்டது. பொருளாதாரத் தடை வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கிற தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பள்ளி மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பேராளராகப் பேசும் மாதிரி ஐ.நா. அவை ஒன்றில் அவளுக்குக் கென்யா விழுந்திருந்தது. அங்கே 'நான்' என்று சொல்லக் கூடாது, 'கென்யா கருதுகிறது', 'கென்யா வருந்துகிறது' என்றுதான் பேச வேண்டும். வாய் தவறி 'நான்' வந்துவிட்டால் அவைத்தலைவராக முன்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டுவான். அதற்குத்தான் வீட்டில் இத்தனை ஒத்திகை.

ஐ.நா. பிறப்பதற்கு முன்பே, பன்னாட்டுச் சங்கம் இருந்த 1920களில் அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கிய பழக்கம் இது. இன்று உலகமெங்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு அணு ஆயுதம் பற்றி வாக்களிக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை இருந்ததில்லை. நான் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன், அங்கே நடுவர் கடைசியில் ஏதாவது ஒரு பக்கமாவது சாய்வார். இங்கே இரண்டு நாள் கத்திவிட்டு, யாருக்கும் வலிக்காத ஒரு காகிதத்தை எல்லோரும் சேர்ந்து கை தூக்கி நிறைவேற்றுகிறார்கள்.

இந்த முறை இரண்டு அவைகள். ஒன்றில் நகரங்களில் பசுமை வெளி, இன்னொன்றில் சுதந்திரமான பத்திரிகைத் துறை. என் மகள் பூங்கா அறையில். தென் டர்பனின் மெர்பேங்கிலிருந்து என்னுடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் அவள் தோழி பத்திரிகை அறையில். அங்கே எல்லோருக்கும் நார்வேதான் வேண்டியிருந்தது, பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் வருஷா வருஷம் உச்சியில் நிற்கிற நாடு, அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலே நல்ல பெயர். தோழிக்கு விழுந்தது துருக்கி. வகுப்பில் வந்து அழுதாள்.

நான் தூத்துக்குடிக்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கன்டெய்னர் வேலைக்காக ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்கு வந்தவன். அவள் குடும்பமோ டர்பனைச் சுற்றியிருந்த நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழி, ஐந்தாவது தலைமுறையோ ஆறாவதோ. அவளுக்குத் தமிழ் என்றால் தேவாரம், காவடிப் பாட்டு, ஆயா வீட்டுச் சமையலறை, அவ்வளவுதான். 'பத்திரிகைச் சுதந்திரம்' என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்: "அங்கிள், சுதந்திரமான பேப்பர்னா, அதுக்கு யார் காசு குடுக்கிறது?"

அன்றைய வகுப்பு அதிலேயே போனது. இதே டர்பனில் 1903இல் காந்தி தொடங்கிய 'இந்தியன் ஒப்பினியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழியில் வந்தது, காந்தி தன் வக்கீல் வருமானத்தை அதில் கொட்டினார், அப்படியும் 1906இல் தமிழும் இந்தியும் நின்றுபோயின. 1908இல் பி.எஸ். ஐயர் என்பவர் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக 'ஆஃப்ரிக்கன் க்ரோனிக்கிள்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார், ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் போட்ட மூன்று பவுன் வரியை விடாமல் எதிர்த்து எழுதினார், பிற்பாடு காந்தியையும் விட்டுவைக்கவில்லை. காந்தியைத் திட்டி ஒரு தமிழர் டர்பனிலிருந்து பத்திரிகை நடத்தினார் என்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்றைக்கு வந்தால் அமாபுங்கானே. ஜுலு மொழியில் சாணி வண்டுகள் என்று பொருள். நன்கொடையிலும் அறக்கட்டளைப் பணத்திலும் ஓடுகிற புலனாய்வுக் குழு, 2017இல், அன்றைய அதிபர் ஜூமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா சகோதரர்களின் மின்னஞ்சல்களை மற்ற இரண்டு ஊடகங்களோடு சேர்ந்து வெளியே கொண்டுவந்தவர்கள். சாணியைக் கிளறுகிற வேலைக்குப் பெயர் பொருத்தம்தான்.

வீட்டில் கென்யாவின் ஆராய்ச்சி வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நகரவாசிக்கு 9 சதுர மீட்டர் பசுமை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்றேன். "எல்லா இடத்துலயும் போட்டிருக்குப்பா." எல்லா இடத்திலும் போட்டிருப்பது ஒரு மூலமாகாது, நாளைக்கு எவனாவது எழுந்து கேட்டால் கென்யா என்ன செய்யும்? இரண்டு சாயங்காலம் தேடினாள். ஒரு கட்டுரை இன்னொன்றைக் காட்டியது, அது வேறொன்றைக் காட்டியது, அது திரும்ப முதல் கட்டுரைக்கே வந்து நின்றது. கடைசியில் அந்த வரியை அடித்துவிட்டு, அந்த நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்வதை எடுத்துக்கொண்டாள்: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை ஹெக்டேரோ ஒரு ஹெக்டேரோ பசுமை வெளி இருக்க வேண்டும், ஐந்து நிமிட நடை. பத்திரிகைத் தொழில் என்னவென்று அவளுக்கு அந்த இரண்டு சாயங்காலத்தில் புரிந்திருக்கும், அவள் இருந்ததோ பூங்கா அறை.

சரி, நம் வீட்டிலிருந்து அளந்து பார்க்கலாமே என்று கிளம்பினோம். டர்பனில் பச்சைக்கு என்ன பஞ்சம்? 1849இல் வைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது, தன் இனத்தில் பெண் மரம் உலகில் எங்கேயும் கிடைக்காததால் நூறு வருஷத்துக்கு மேல் ஒண்டிக்கட்டையாக நிற்கிற, பனை மாதிரி இருக்கும் ஆண் சைக்கட் மரமும் அதற்குள் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் பக்கம் சில்வர்கிளென் காடு. இது போக மாநகராட்சியின் திறந்தவெளி வரைபடத்தில் 70 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பச்சை தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சையில் பெரும்பகுதி செங்குத்துப் பள்ளத்தாக்கும் தனியார் நிலமும், பெஞ்சு போட்டு உட்காருகிற இடமில்லை. எங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்கு எண்ணி 410 அடி வைத்தோம், கணக்குப்படி பாஸ். வழியில் ஒரு பக்கம் மின்வேலி, மறுபக்கம் புதர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அவளைத் தனியாக அங்கே அனுப்புவேனா? மாட்டேன். காரில்தான் கொண்டுபோய் விடுவேன். ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 11.7 பசுமை வெளி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பாதுகாப்பான, எல்லோரும் போகக்கூடிய வெளி, அதிலும் பெண்கள், குழந்தைகள், முதியோர், ஊனமுற்றோருக்கு என்று சேர்த்துத்தான் சொல்கிறது. மீட்டர் கணக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள் அந்தச் சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் உஹுரு பூங்காவுக்கு வந்தாள்.

1989. நைரோபியின் நடுவில் இருக்கிற அந்தப் பூங்காவில் 60 மாடிக் கோபுரம் ஒன்று கட்ட அரசு முடிவு செய்தது. கென்யாவில் மரம் நடும் இயக்கம் நடத்திவந்த வாங்காரி மாத்தாய் எதிர்த்தார், ஐ.நா. சுற்றுச்சூழல் அலுவலகம், பிரிட்டிஷ் தூதரகம் என்று கடிதம் மேல் கடிதமாக எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரைக் கேலி செய்தார்கள், அதிபர் மோய் அந்த அம்மாவின் தலைக்குள் பூச்சி புகுந்திருக்கிறது என்கிற மாதிரி பேசினார், அவருடைய பசுமைப் பட்டை இயக்கத்தை அது இருந்த அலுவலகத்தை விட்டுக் கிளப்பினார்கள். முதலீட்டாளர்கள் பின்வாங்க, 1990இல் திட்டம் கைவிடப்பட்டது. 2004இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த கதைதான். அந்தக் கோபுரம் யாருக்கு? பெயரே கென்யா டைம்ஸ் ஊடக வளாகம். ஆளுங்கட்சியின் பத்திரிகைக்கும் கட்சித் தலைமையகத்துக்கும் கட்டவிருந்த கட்டடம், பிரிட்டன் பத்திரிகை முதலாளி ராபர்ட் மாக்ஸ்வெல் அதில் கூட்டாளி.

ராத்திரி பத்தரை மணிக்கு என் அறைக்கு ஓடிவந்தாள். "அப்பா, பார்க்கைச் சாப்பிட வந்ததே ஒரு பேப்பர்!"

அதே வாரம் தோழி துருக்கியைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிடைத்தது 2013 மே, இஸ்தான்புல் கெசி பூங்கா. மரங்களை வெட்டிவிட்டுப் பழைய ராணுவக் குடியிருப்பு பாணியில் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று கொஞ்சம் பேர் கூடாரம் போட்டு உட்கார, போலீஸ் கண்ணீர்ப்புகையோடு புகுந்து, ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிஎன்என் துருக் தொலைக்காட்சியில் பென்குவின்கள் நடந்துகொண்டிருந்தன, ஆவணப்படம். வெளிநாட்டு சிஎன்என்னில் நேரலையில் புகை, உள்ளூர் சிஎன்என்னில் பனி. பென்குவின் அந்தப் போராட்டத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது.

ஆக, பூங்கா அறைக்காரியின் கையில் ஒரு பத்திரிகைக் கதை, பத்திரிகை அறைக்காரியின் கையில் ஒரு பூங்காக் கதை. இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் துள்ளிக் குதித்தார்கள். யுனெஸ்கோ 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கையையும் எங்கிருந்தோ பிடித்தார்கள். சுற்றுச்சூழல் பற்றி எழுதும் 905 பத்திரிகையாளர்களை 129 நாடுகளில் கேட்டதில் பத்துக்கு ஏழு பேர் மிரட்டலையோ தாக்குதலையோ நெருக்குதலையோ சந்தித்திருக்கிறார்கள். பதினைந்து வருஷத்தில் 44 பேர் கொல்லப்பட்டு, ஐந்து வழக்கில்தான் தண்டனை.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தோழி வீட்டில் விட மெர்பேங்க் போனேன். ஆயா அடுப்படியில் மதும்பிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார். உப்பு டப்பா, அதன் பக்கத்தில் மிளகாய்த் தூள், அதன் பக்கத்தில் நீல நிற ஆஸ்துமா பம்ப். கையெட்டும் தூரத்தில், ஒரு சமையல் சாமான் மாதிரி. கிழங்கை உரித்துக்கொண்டே நடுவில் ஒரு தடவை எடுத்து உறிஞ்சிவிட்டு அதே இடத்தில் வைத்தார், பேச்சு நிற்கவே இல்லை.

"எங்கப்பாருக்கு கிளேர்வுட் பக்கம் தோட்டம். கீரை, வெண்டி, எல்லாம் கூடையில கட்டி விடியகாலம் மார்க்கெட்டுக்குப் போவும். அப்புறம் எங்கள எடுத்து இங்க போட்டாங்க. பின்னால பேக்டரி. ராத்திரிக்கி வெளக்கே வேணாம் கண்ணு, அந்த நெருப்பு வெளிச்சத்துல கோலம் போடலாம்."

தென் டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வைத்த குடியிருப்பு அது. இப்போது அங்கே எண்ணெய் சுத்திகரிப்பது இல்லை, தொட்டிகள் மட்டும் நிற்கின்றன. ஆனால் பல வருஷம் அங்கே என்ன எரிகிறது, என்ன கசிகிறது என்று கேட்பதே லேசான காரியமாக இருக்கவில்லை. 1980இல் நிறவெறி அரசு கொண்டுவந்த தேசிய முக்கிய இடங்கள் சட்டம், அறிவிக்கப்பட்ட இடங்களைச் சுற்றி ரகசிய வேலி போட்டது. எந்தெந்த இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே ரகசியம், 2014 டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதே, 2000இல், 'மெர்க்குரி' நாளிதழில் டோனி கார்னி தென் டர்பன் காற்றைப் பற்றித் தொடராக எழுதினார். அந்த வருஷக் கடைசியில் அரசு இந்தப் பகுதிக்கென்று தனித் திட்டம் அறிவித்தது. பிறகு மெர்பேங்கின் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆய்வு செய்ததில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. ஆயா அந்தத் தொடரைப் படித்தவர் இல்லை. "பேப்பர்ல வந்துச்சாம், அப்புறம்தான் டாக்டருங்க வந்து புள்ளைங்கள ஊதச் சொன்னாங்க" என்றார், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது ஒன்றை ஒளிக்கக் கூடாது. கிளேர்வுட்டில் ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்தது, அந்தத் தொழிற்சாலைப் பேட்டையின் நடுவில் பெரிய பச்சை. 2012இல் அதை விற்றார்கள், சுற்றியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், இன்று அங்கே சரக்குக் கிடங்குகள். என் சம்பளம் அந்த மாதிரிக் கிடங்குகளிலிருந்தும் லாரிகளிலிருந்தும்தான் வருகிறது. மகள் ஒருநாள், "கென்யா உங்களைக் கண்டிக்கிறது" என்றாள். சிரித்தேன். வேறென்ன செய்வது.

அவை கூடிய நாளில் பெற்றோர் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். இரண்டு அறைக்கும் மாறி மாறிப் போனேன்.

பூங்கா அறையில் கென்யா ஒரு சரத்து கொண்டுவந்தது: பொதுப் பசுமை நிலத்தை விற்பதற்கோ வேறு பயனுக்கு மாற்றுவதற்கோ முன் திட்ட வரைபடத்தை வெளியிட வேண்டும், அந்தக் கோப்புகளைப் பத்திரிகையாளர்கள் பார்க்க வழி செய்ய வேண்டும். உஹுரு பூங்காவைச் சொன்னாள், கோபுரம் யாருக்கு என்று சொன்னாள். நன்றாகவே பேசினாள், அப்பனாகச் சொல்லவில்லை. பிரேசில் எழுந்தது. ஒழுங்குப் பிரச்சினை: பத்திரிகை விவகாரம் இந்த அவையின் வரம்புக்குள் வராது, அது பக்கத்து அறை. அவைத்தலைவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டார். எழுந்து நடமாடிப் பேரம் பேசுகிற நேரத்தில் நான்கு நாடுகள் சேர்ந்து அந்தச் சரத்தைச் சீவினார்கள். கடைசியில் மிஞ்சியது, 'உரிய தரப்பினரிடையே தகவல் பரிமாற்றத்தை ஊக்குவிக்கிறது'. நல்ல முருங்கைக்காயைச் சப்பிவிட்டு இலையில் போட்ட சக்கை மாதிரி இருந்தது.

பத்திரிகை அறைக்குப் போனேன். நார்வே துருக்கியை மடக்கிக்கொண்டிருந்தது. கெசி பூங்காவில் மக்கள் அடிபட்டபோது உங்கள் தொலைக்காட்சியில் பென்குவின் ஓடியது ஏன்? அறை முழுக்கச் சிரிப்பு. தோழி மெதுவாக எழுந்தாள், கோட்டை இழுத்துவிட்டாள். "கெசி என்பது ஒரு நகரமைப்புத் திட்டம் பற்றிய பிரச்சினை. பூங்கா தொடர்பான கேள்விகளைப் பக்கத்து அறையில் எழுப்புமாறு நார்வேயின் மாண்புமிகு பேராளரைத் துருக்கி அன்புடன் கேட்டுக்கொள்கிறது." கைதட்டல். நார்வேக்கு வாயடைத்துப் போனது. அவைத்தலைவரே சிரித்துவிட்டார்.

நம்மூர்த் தாலுகா ஆபீஸில் 'இங்க இல்ல, மூணாம் நம்பர் கவுன்ட்டர்' என்பார்களே, அதைத்தான் கோட்டு சூட்டோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நம்பருக்குப் போனால் ஒன்றுக்கு அனுப்புவார்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் 16ஆம் பிரிவு, உடலுக்குக் கேடில்லாத சுற்றுச்சூழலுக்கான உரிமை 24ஆம் பிரிவு. நடுவில் ஏழே ஏழு பிரிவு.

சாயங்காலம் பரிசளிப்பு. சிறந்த பேராளர், துருக்கி.

காரில் இரண்டு பேரும் பேசவில்லை. மகளுக்குப் பரிசு வராத வருத்தம் என்று முதலில் நினைத்தேன், அது இல்லை. தோழிதான் சான்றிதழைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். "அது பொய்தானே அங்கிள்?" என்றாள். உன் நாட்டுக்காகத்தானே பேசினாய், விளையாட்டில் அதுதான் விதி என்றேன், நான் சொன்னது எனக்கே சப்பென்று இருந்தது.

மெர்பேங்கில் இறங்கினோம். ஆயா வாசலிலேயே நின்றார். சான்றிதழை வாங்கி, கண்ணாடி இல்லாமல், படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என்னா பேசின கண்ணு?"

அவள் பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னாள். பூங்கா, போலீஸ், பென்குவின், நார்வே கேட்டது, தான் பக்கத்து ரூமுக்கு அனுப்பியது. ஆயா கடைசிவரை கேட்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு இருமலாகி, பம்பைத் தேடி உள்ளே போய், உறிஞ்சிவிட்டு வெளியே வந்தார்.

"நாங்க கம்ப்ளைன்ட் எடுத்துட்டுப் போனா, கம்பெனில முனிசிபாலிட்டிக்குப் போன்னுவான். முனிசிபாலிட்டில பிரிட்டோரியாவுக்கு எழுதுன்னுவான்" என்றார். "நல்லாத்தான் பேசியிருக்க. அவன மாதிரியே."